வெள்ளைக்காரியின் தலைமுடியும் அடுகோடி விளக்கெண்ணெயும்

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் பிளாஸ்டிக் தாள் செய்வதுதான் ஒரு காலத்தில் என் பிழைப்பு. அதாவது, எல்லோருக்கும் தோலிலேயே தெரிந்துவிடுகிற ஒரு சங்கதியைப் பட்டம் வாங்கிக்கொண்டு தெரிவிக்கிற தொழில். மேலே முதலாளி, எதிரே வாடிக்கையாளர், இவர்களுக்கு நடுவில் அகப்பட்டு நசுங்கிய அனுபவம் உள்ளவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலாளிகள் யாராவது படிக்க நேர்ந்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

தலைமுடித் தட்டுப்பாடு

பட்டு மில்லிலும் பஞ்சு மில்லிலும் காற்று வறண்டால் நூல் அறும். ஈரம் மிஞ்சினால் நூல் ஒட்டும். ஆகவே சுவரில் ஒரு வட்ட மீட்டர் மாட்டி, அதன் முள்ளைப் பார்த்துத்தான் வேலையை நடத்துவார்கள். அந்த முள்ளை இழுப்பது எது என்று உள்ளே திறந்து பார்த்தால், தலைமுடி. மனிதத் தலைமுடியேதான். ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். அதிலும் பொன்னிறக் கூந்தலே சிலாக்கியம் என்று சீமைக் கம்பெனிகள் முடிவு செய்திருந்தன. அவர்கள் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றி இத்தனை வருஷமாகியும் மைசூர் ராஜ்யத்து ஈரத்தை வெள்ளைக்காரப் பெண்கள்தான் அளந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதி லைசென்ஸ் நின்றது, மீட்டர் வருவதும் நின்றது.

பெங்களூர் அடுகோடியில் வார்னிஷ் ஃபாக்டரி வைத்திருந்த எங்கள் முதலாளி வடிவேலு முதலியாருக்கு இது ஆண்டவன் கட்டளையாகப் பட்டது. கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கிவிட்டு அவரிடம் வார்னிஷ் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். தலைமுடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கில் ஒரு தாள் செய், பின்பக்கத்து அறையை லேபரட்டரி என்று வைத்துக்கொள் என்றார். லேபரட்டரி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன், மனைவி திரேசா பாயசம்கூட வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில்தான் முதலியார் மீதியைச் சொன்னார். எனக்கு வார்னிஷ் விற்க வராது என்பது அவருக்குத் தெரியும். ஒரு தடவை அனுப்பினபோது, இது மழையில் வெளுக்கும் என்று கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவன் நான். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சொன்னார்: "வர்ற ஆயுத பூஜைக்குள்ள ஒரே ஒரு பார்ட்டியாவது ஆர்டர் குடுக்கணும் இன்னாசி. இல்லேன்னா அந்த ரூம்ல ட்ரம்மை அடுக்கிடுவேன். நீ சைக்கிளை எடுத்துக்கினு ஊர் ஊரா வார்னிஷ் விக்கப் போயிடு."

ஸ்டோர்ஸில் ஒரு நல்ல மனிதர்

தாள் செய்வது பெரிய மந்திரம் இல்லை. செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தூளை அசிடோனில் கரைத்துக் கண்ணாடிமேல் ஊற்றி உலர்த்தினால் மெல்லிய தாளாக உரிந்து வரும். ஆனால் அதற்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். அதன் ஒரு முகத்தை மட்டும் காரக் கரைசலில் காட்டி எடுத்தால் அந்த முகத்துக்குத் தண்ணீர்மேல் ஆசை வந்துவிடும். ஈரம் பட்டதும் ஆசைப்பட்ட முகம் உப்பும், மற்ற முகம் சும்மா இருக்கும். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய முடியாமல் தாள் சுருண்டுகொள்ளும். பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்த தம்பதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருண்டு சுருண்டு நிமிர்வதில் சீக்கிரம் வெடித்தும் போகும். வெடிக்காமலிருக்க எண்ணெய் சேர்க்க வேண்டும். புங்க எண்ணெய் போட்டேன், மஞ்சளாகி நாறியது. ஆளி விதை எண்ணெய் போட்டேன், விறைத்துக்கொண்டது. காய்ச்சிப் பக்குவம் செய்த விளக்கெண்ணெய்தான் தாளோடு ஒத்துப்போயிற்று.

வார்னிஷ் ஃபாக்டரியில் ஆளி எண்ணெய் டிரம் டிரம்மாக இருக்கும், விளக்கெண்ணெய் இருக்காது. ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்த சேஷாத்ரியிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். முதல் பாட்டிலைப் பரிவோடு கொடுத்தார். அடுத்த பாட்டிலுக்குப் போனபோது குரலைத் தாழ்த்தி, வீட்டில் சாப்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தார். அதற்கடுத்த தடவை பெரிய டின்னாகக் கேட்டேன். அன்று மத்தியானம் கேன்டீனில் என் தட்டில் வடை விழவில்லை, கஞ்சி வந்தது. ஃபாக்டரி முழுவதும் என்னைப் பார்த்து வழிவிட்டு நின்றது. அதிலும் கக்கூஸ் பக்கம் நான் போனால் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் சேஷாத்ரியை உட்காரவைத்து, தாளைக் காட்டி, படம் போட்டு, எண்ணெய் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். மனுஷர் கண்கொட்டாமல் கேட்டார். முடிந்ததும் என் தோளில் கைவைத்தார். "எல்லாம் புரியறது. ஆனா ஒரு மனுஷனுக்கு இவ்ளோ ஆகாது இன்னாசி. ராத்திரி படுக்கப்போறச்சே ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் பாருங்கோ."

மூச்சு விடாதீர்கள்

தாள் ஒருவழியாகச் சொன்னபேச்சு கேட்டது. சின்ன முள்ளோடு அதை இணைத்து, வறட்சிக்கு இடது பக்கம், ஈரத்துக்கு வலது பக்கம் என்று எழுதி ஒரு மீட்டரும் செய்தேன். ஆனால் நிபுணர் சர்டிஃபிகேட் இல்லாமல் மில்காரர்கள் தொடமாட்டார்கள். முதலியார் தமக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்றிலிருந்து மூன்று நிபுணர்களை அழைத்துவந்தார். பங்குனி வெயில் வெளியே பிளந்துகொண்டிருந்தது. தூசி வரும் என்று முதலியார் ஜன்னல்களைச் சாத்திவிட்டார். கோட்டுப் போட்ட மூவரும் முதலியாரும் மீட்டரைச் சூழ்ந்துகொண்டு, குழந்தைக்கு யார் ஜாடை என்று பார்க்கிறவர்கள்போல் குனிந்தார்கள். இடது பக்கம் நிற்க வேண்டிய முள் வலது பக்கம் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போயிற்று.

மாதக்கணக்கில் தனியாக வேலை செய்ததில், முள்ளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிற வழக்கம் எனக்கு வந்திருந்தது. மற்றவர்கள் மூச்சு விடுவார்கள் என்ற விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. நாலு பேர் விட்ட மூச்சும் நேராகத் தாள்மேல். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றேன், பெரிய நிபுணர் முகம் சுளித்தார். கொஞ்சம் மூச்சை நிறுத்துங்கள் என்றேன், முதலியார் என்னை முறைத்தார். இருந்தாலும் பாவம், விருந்தாளிகள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முள் இறங்கத் தொடங்கியது. அதைக் கண்ட சந்தோஷத்தில் முதலியார் முள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சுதேசித் தொழில் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். முள் வலது கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

பெரிய நிபுணர் எழுந்து, சுவரை அங்கங்கே தட்டிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இன்ஸ்ட்ருமென்ட் பர்ஃபெக்டா வேலை செய்யுது மிஸ்டர் முதலியார். உங்க பில்டிங்தான் சரியில்லே. இதுக்குள்ள மனுஷங்களை வேலைக்கு வெக்கறது தப்பு."

சுருதி இறங்கிய கதை

பில்டிங்கைக் குறை சொன்ன கோபத்தில் முதலியார் கேட்கவில்லை, சர்டிஃபிகேட்டும் வரவில்லை. ஃபாக்டரிச் சுவருக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். மில்தான் வேண்டுமா என்ன, ஒரு பார்ட்டி என்றுதானே முதலியார் சொன்னார் என்று நான் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் கோயில் ஃபாதரிடம் போனேன். மழைக்காலத்தில் கோயில் ஹார்மோனியத்தின் கட்டைகள் ஊறி, ஒன்றை அழுத்தினால் இரண்டு கத்தும். ஈரம் ஏறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பெட்டியை மூடி வைக்கலாமே என்றேன். ஃபாதர் சம்மதித்தார். பாடகர் குழு நிற்கும் மாடத்தில் மீட்டரை மாட்டிவிட்டு, பக்கத்துப் பங்குக் கோயில்காரர்களும் கேட்டு வாங்குவார்கள் என்று கணக்குப்போட்டபடி வீட்டுக்கு வந்தேன்.

ஹார்மோனியத்தை யாரும் மூடவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் மீட்டரை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஒருவருக்குச் சுருதி இறங்கினால் முள்ளைப் பார்ப்பார். இன்னொருவர் தாளம் விட்டால் அவரும் முள்ளைப் பார்ப்பார். ஒத்திகைக்கே வராதவர் ஒருவர், போன வாரம் முள் ரொம்ப ஏறியிருந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார். அதே குழுவில் பாடிய திரேசாகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பாட்டில் வரியை மறந்துவிட்டு என்னையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்தாள். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முந்தியெல்லாம் தப்பாப் பாடினா கொஞ்சம் வெக்கப்படுவாங்க இன்னாசி. இப்ப முள்ளைக் காட்டுறாங்க. நீ இதைக் கழட்டிக்கிட்டுப் போயிடுப்பா."

ஒழுங்காக நின்ற மீட்டர்

கடைசியில் ஒரு பெரிய மீன் தூண்டிலைத் தொட்டது. ஊருக்கு வெளியே பட்டு முறுக்கும் மில் வைத்திருந்த ருத்ரப்பா, சர்டிஃபிகேட் கிடக்கட்டும், ஒரு மாதம் மாட்டிப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் எல்லா ஷெட்டுக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கன்னடக்காரர், தமிழும் சரளமாகப் பேசுவார், நல்ல மரியாதைக்காரர். அந்த மாதம் முழுவதும் நான் தூங்கவில்லை என்று சொன்னால் அதில் பாதியாவது நிஜம். ஆயுத பூஜைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திரேசா பக்கத்து வீட்டு சைக்கிளைக் காட்டி, சாயந்திரத்தில் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்களேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மில்லிலிருந்து ஆள் வந்தது. முதலாளிக்குப் பரம திருப்தி, உங்களை வரச் சொன்னார் என்று. பறந்து போனேன். ஷெட்டுக்குள் மீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தூசி படக்கூடாது, ஈரம் படக்கூடாது என்று ருத்ரப்பா தேக்குச் சட்டத்தில் பெட்டி செய்து, இடுக்கெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே குங்குமமும் வைத்திருந்தார். முள் நடு எண்ணில் சிலையாக நின்றது. ஒரு மாதமாக அப்படியேதான் நிற்கிறதாம். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஈரத்தைத்தான் ஐயா தொட விடவேண்டும், காற்றுப் பட்டால்தான் இது வேலை செய்யும் என்று சொல்லி, பசையைச் சுரண்டிப் பெட்டியைத் திறந்தேன். ஷெட்டில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முள் துள்ளி எழுந்து வலது பக்கம் ஓடியது. யாரோ கதவைத் திறந்தார்கள். இடது பக்கம் வந்தது. மூடினார்கள்; மறுபடி ஓடியது. என் வாழ்நாளில் அந்தத் தாள் அவ்வளவு அழகாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ருத்ரப்பாவின் முகம் வாடிவிட்டது. "ஒரு மாசமா ஒழுங்கா நின்னுக்கிட்டிருந்துது ஸ்வாமி. நீங்க கை வெச்சீங்க, பைத்தியம் பிடிச்சிட்டுது. நமக்கு பேடா, வேண்டாம், தயவுசெஞ்சு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

முதலாளியின் உள்ளங்கை

ஆயுத பூஜை வாரம் வந்தது. லேபரட்டரி வாசலில் காலி டிரம்களை உருட்டிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கதவைச் சாத்த முடியாது. சாத்துவதற்கு அவசியமும் இல்லை. நான் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஜப்பார் பாய் வந்தார். சிவாஜிநகரில் ஃபேன்ஸி சாமான் மொத்த வியாபாரி. மரப் பொம்மைகளுக்கு வார்னிஷ் வாங்க எங்களிடம் வருவார். முதலியார் வரும்வரை உட்கார இடம் தேடி என் அறைக்குள் வந்தவர், மேஜைமேல் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். துண்டு தலையைத் தூக்கியது. வாலைத் தூக்கியது. புரண்டு படுத்தது. பாய் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதை எடுத்து என் கையில் வைத்தார். டிரம்களைப் பார்த்துப் பார்த்து வியர்த்திருந்த கை. துண்டு துடிதுடித்துச் சுருண்டது. "உங்களுக்கு மனசுல பெரிய பயம் இருக்கு சார்" என்றார். அது வியர்வை பாய் என்று விளக்கினேன். "ஹௌ ஹௌ, அதான் நானும் சொல்றேன்" என்று தலையாட்டினார்.

அதற்குள் முதலியாரும் வந்தார், சாவிக்கொத்தோடு சேஷாத்ரியும் வந்தார். பாய் விஷயத்தைச் சொன்னார்: இதை மீன் மாதிரி வெட்டி, சிவப்புச் சாயம் போட்டு, காகித உறையில் போட்டுக் கொடுங்கள், தர்கா உரூஸ், கோயில் ஜாத்திரை, மாதா திருவிழா எல்லாவற்றிலும் மனசைச் சொல்லும் மீன் என்று நான் விற்றுக்கொள்கிறேன், எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன். துண்டை மீனாக வெட்டிச் சேஷாத்ரி கையில் வைத்தார்கள், மீன் குதித்தது. டிரம் உருட்டுகிறவர் கையில் வைத்தார்கள், மல்லாந்து கும்பிட்டது. முதலியார் சிரித்துக்கொண்டே தம் கையை நீட்டினார். மீன் அசையவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். எடுத்துத் திருப்பி வைத்தார். அது பாட்டுக்குக் கிடந்தது. "சில பேருக்கு அப்படித்தான் முதலாளி" என்றார் பாய், ரொம்ப மரியாதையாக. "மனசு ஸ்வல்ப கெட்டி. தப்பா நினைக்கவேண்டாம்." நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். முதலாளி இப்போதுதான் வார்னிஷ் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்பிரிட்டில் கை துடைத்திருக்கிறார், ஸ்பிரிட் தோலில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துவிடும், இது வெறும் கெமிஸ்ட்ரி என்றேன். ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் முதலியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்ட ஒன்று ருசுவானதுபோல.

முதலியார் கையில் கிடந்த மீனைப் பார்த்தார். வாசலில் நின்ற டிரம்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த மனிதரை அவ்வளவு பரிதாபமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டிரம்களைப் பழைய இடத்துக்கே உருட்டச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன். அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பாய் ஆர்டரை எடுத்துக்கோ. ரூம் உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா அடுத்த ஆயுத பூஜைக்குள்ள இது என் கையிலயும் மடங்கணும் இன்னாசி, இவங்க எல்லாரும் பாக்கற மாதிரி."

ஆக, உள்ளதை உள்ளபடி காட்டும் தாளைச் செய்தபோதெல்லாம் வேலை போகும் நிலையில் இருந்த நான், இல்லாததை இருப்பதாகக் காட்டும் தாள் ஒன்றை மறு வருஷம் செய்துகொடுத்து, சீஃப் கெமிஸ்ட் ஆனேன்.